கிளிப் கழற்றிய பிறகு கற்றுக்கொண்டது: பல்லில் ஒளிந்திருக்கும் படலத்தைச் சாயம் போட்டுப் பார்ப்பது எப்படி

22 மாதம் பல்லில் கிளிப் போட்டிருந்தேன். கழற்றிய அன்று கையில் ஒரு கண்ணாடியைக் கொடுத்தார்கள். வரிசை நேராக வந்திருந்தது. ஆனால் மேல் முன்பற்கள் நான்கிலும் இரண்டு கோரைப்பற்களிலும், கிளிப் ஒட்டியிருந்த சதுரத்தைச் சுற்றிச் சுண்ணாம்பு தீற்றியது போல வெள்ளை வளையங்கள். சிரித்தால் முதலில் கண்ணில் படுவது அதுதான். "ஏம்மா, ராத்திரி பிரஷ் பண்ணுவியா இல்லையா?" என்று டாக்டர் கேட்டார். "ரெண்டு வேளையும் பண்றேன் டாக்டர், மூணு நிமிஷம்" என்றேன். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அவர் நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. அந்த அவமானம் பல நாள் மனதைவிட்டுப் போகவில்லை.

கிளிப்புக்கு ஆன செலவு 48,000 ரூபாய். கழற்றிய பிறகு எடுத்த எக்ஸ்ரேயில் கீழ்க் கடைவாய்ப் பற்களின் நடுவே இரண்டு இடத்தில் சொத்தை தெரிந்தது. எக்ஸ்ரே 400, கிளீனிங் 1,200, இரண்டு ஃபில்லிங் 3,000, ஃப்ளோரைடு வார்னிஷ் மூன்று முறை பூச 2,400. ஆக மொத்தம் 7,000 ரூபாய், அதோடு ஆறு அரைநாள் விடுப்பு. வெள்ளை வளையங்கள் தனிக் கணக்கு. முதல் ஆறு மாதத்தில் உமிழ்நீரும் ஃப்ளோரைடும் சேர்ந்து ஓரளவு மங்கச் செய்யும், அதன் பிறகு மிஞ்சியதைப் பார்ப்போம் என்றார் டாக்டர். இவ்வளவுக்கும் காரணம் நான் பல் தேய்க்காதது அல்ல, பிரஷ் எங்கே படவில்லை என்பது எனக்குத் தெரியாமல் போனதுதான். அதைக் கண்டுபிடிக்க முந்நூறு ரூபாய்ச் சாயம் போதும் என்பதை அந்த 22 மாதத்தில் யாரும் சொல்லவில்லை. கிளிப் போட்டிருக்கும், போடப் போகும் வயதுப் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். கிளிப் இல்லாதவர்களுக்கும் முறை இதேதான்.

முதலில் எதைத் தேடுகிறோம் என்று பார்த்துவிடுவோம். பல்லைத் தேய்த்து முடித்த சில நிமிடங்களிலேயே உமிழ்நீரில் உள்ள புரதம் பல்மேல் மெல்லிய தோலாகப் படியும். அதன்மேல் பாக்டீரியா ஒட்டி, பெருகி, பிசுபிசுப்பான படலமாக மாறும். டாக்டர்கள் பிளாக் (plaque) என்பது இதைத்தான். இதன் நிறம் ஏறக்குறைய பல்லின் நிறமே, அதனால் கண்ணாடியில் எவ்வளவு நேரம் பார்த்தாலும் தெரியாது. நாக்கால் தடவினால் சில இடங்களில் சொரசொரப்பு தட்டுப்படும், அதுவும் நாக்கு எட்டும் பக்கம் மட்டும். நாம் சர்க்கரை சாப்பிடும்போது இந்தப் படலம் அமிலம் சுரக்கும். அங்கே அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 5.5க்குக் கீழே இறங்கினால், பல்லின் வெளிக்கவசமான எனாமலில் உள்ள கால்சியம் கரையத் தொடங்கும். ஆபீசில் நாளைக்கு நாலு முறை டீ குடிப்பவருக்கு இது நாலு முறை நடக்கிறது, ஒவ்வொரு முறையும் இருபது முப்பது நிமிடம். கிளிப்பைச் சுற்றிப் படலம் அசையாமல் உட்கார்ந்திருந்தால் நாலே வாரத்தில் வெள்ளைத் தழும்பு கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்துவிடும். நான் 22 மாதம் கழித்துப் பார்த்தேன்.

ஈறுக்கும் இதே படலம்தான் பகை. 1965இல் டென்மார்க்கின் ஆர்ஹஸ் நகரில் ஹரால்டு லோ என்ற பேராசிரியரும் அவருடைய சகாக்களும் ஆரோக்கியமான ஈறு உள்ள 12 பேரைப் பல் தேய்ப்பதையே நிறுத்தச் சொன்னார்கள். 10 முதல் 21 நாளுக்குள் எல்லோருக்கும் ஈறு வீங்கிவிட்டது. மறுபடி தேய்க்க ஆரம்பித்ததும் சுமார் ஒரு வாரத்தில் பழைய நிலைக்குத் திரும்பியது. எனக்கு இந்தச் செய்தி பெரிய ஆறுதலாக இருந்தது. பிரஷ்ஷுக்கு அசையாத காரையாக (டார்ட்டர்) கெட்டிப்படாத வரை இதெல்லாம் நம் கையால் எடுக்கக்கூடியது, ஈறும் சீக்கிரமே நம்மை மன்னித்துவிடும்.

படலத்துக்கு நிறமேற்றிப் பார்ப்பது புதிய வித்தை இல்லை. 1914இலேயே அயோடின் கரைசல் தடவிப் பார்த்திருக்கிறார்கள். பிறகு எரித்ரோசின் என்ற சிவப்புச் சாயம் வந்தது. இப்போது கிடைப்பவற்றில் ஒற்றை நிறம், இரட்டை நிறம், மூன்று நிறம் என்று வகைகள் உண்டு. இரட்டை நிறத்தில் ஒரு சிவப்பும் ஒரு நீலமும் கலந்திருக்கும். புதிதாகப் படிந்த மெல்லிய படலத்தில் நீலம் தங்காமல் கழுவிப் போய்விடும், அதனால் இளஞ்சிவப்பாகத் தெரியும். இரண்டு நாளுக்கு மேல் கிடக்கும் தடித்த படலம் இரண்டு சாயத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும், அதனால் ஊதாவாகவோ நீலமாகவோ தெரியும். மூன்று நிறமுள்ள ஜெல், இவற்றோடு அமிலம் சுரக்கும் இடத்தை வெளிர்நீலமாகத் தனியே காட்டும். அது விலை கூடுதல், பெரும்பாலும் டாக்டர்கள்தான் வாங்குகிறார்கள். வீட்டுக்கு இரட்டை நிறம் போதும். அதுவும் இரட்டை நிறமாகவே வாங்குங்கள். இன்று காலை விட்டுப்போன இடமும், பல நாளாக விட்டுக்கொண்டே இருக்கும் இடமும் ஒன்றல்ல. திருத்த வேண்டியது இரண்டாவதை. ஒற்றைச் சிவப்பில் அந்த வித்தியாசம் தெரியாது.

நான் முதலில் வாங்கியது இது எதுவும் இல்லை. தேய்க்கும்போதே படலத்துக்கு நிறம் ஏற்றும் டூத்பேஸ்ட் என்று இணையத்தில் பார்த்து, வெளிநாட்டிலிருந்து வரவழைத்தேன். ஒரு டியூப் 1,850 ரூபாய், வந்து சேர 18 நாள். அந்த வகைப் பேஸ்ட்டுக்கு நல்ல சான்று இருக்கிறது என்பதை மறுக்கவில்லை. அமெரிக்காவில் ஃப்ளோரிடா அட்லாண்டிக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பங்கேற்ற ஒரு சிறிய ஆய்வு 2017இல் தி அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வந்தது. 61 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்குப் பச்சை நிறம் காட்டும் பேஸ்ட்டும் மற்றதற்கு நிறம் காட்டாத பேஸ்ட்டும் 60 நாளுக்குக் கொடுத்தார்கள். நிறம் காட்டிய பிரிவில் படலம் 49 சதவீதம் குறைந்தது, மற்றதில் 24 சதவீதம். இந்த இரண்டாவது எண்ணையும் கவனியுங்கள். சாயமே இல்லாதவர்களுக்கும் கால்வாசி குறைந்திருக்கிறது. எப்படித் தேய்ப்பது என்று சொல்லிக்கொடுத்து, ஒருவர் அளந்து பார்க்கப் போகிறார் என்று தெரிந்தாலே கை திருந்துகிறது. அதற்கு மேல் கிடைத்த லாபம்தான் நிறத்தினுடையது.

ஆனால் என்னைப் போலத் தவறு எங்கே என்றே தெரியாதவர்களுக்கு அந்தப் பேஸ்ட் முதல் கருவி ஆகாது. ஒரு டியூப் முழுக்கத் தீர்த்த பிறகு இதைச் சொல்கிறேன். பேஸ்ட்டில் இருக்கும் சாயத்தைப் பல்லுக்குக் கொண்டுபோவது பிரஷ்தான். பிரஷ் போகாத இடத்துக்குச் சாயமும் ஒழுங்காகப் போய்ச் சேராது. கடைசிக் கடைவாய்ப் பல்லின் பின்பக்கம் எனக்கு நிறமே ஏறவில்லை, அது சுத்தமாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பிறகு சாயத் திரவத்தைத் தடவிப் பார்த்தபோது அதே இடம் அடர்ந்த ஊதாவாக நின்றது. இன்னொன்று, நுரை. வாய் முழுக்கப் பச்சை நுரையாக இருக்கும்போது எது பல், எது படலம் என்று பிரித்துப் பார்க்க முடியாது. கொப்பளித்தால் நிறம் வெளுத்துவிடும், அந்த வெளிறிய சாயலைச் சுத்தம் என்று கண் ஏற்றுக்கொள்ளும். பழகிய கைக்குத் தினசரி நினைவூட்டலாக அந்தப் பேஸ்ட் நல்லது. வாங்கினால் ஃப்ளோரைடு இருக்கிறதா, எத்தனை பிபிஎம் என்று பெட்டியில் பார்த்து வாங்குங்கள். பெரியவர்களுக்கு 1,000 பிபிஎம்முக்குக் குறைந்தது வேண்டாம்.

அடுத்து, பல் டாக்டர்களுக்குப் பொருள் விற்கும் டென்டல் டிப்போவில் இரட்டை நிறத் திரவம் ஒரு சின்னப் புட்டி 320 ரூபாய்க்கு வாங்கினேன். டாக்டர் சீட்டு எதுவும் கேட்கவில்லை. மெல்லும் மாத்திரையாகவும் வருகிறது. மாத்திரையில் அரைத்துண்டு போதும், முப்பது மாத்திரை அறுபது தடவைக்கு வரும். கூடவே 70 ரூபாய்க்கு டாக்டர்கள் வைத்திருப்பது போன்ற வட்டக் கண்ணாடி ஒன்று. இதை வாங்காமல் சாயத்தை மட்டும் வாங்கினால் பாதிப் பயன்தான், ஏனென்றால் சாயம் பிடிக்கும் இடம் பெரும்பாலும் பல்லின் உள்பக்கம். வெளிச்சத்துக்குச் செல்போன் டார்ச் போதும்.

வீட்டில் இருப்பதை வைத்துச் சமாளிக்கலாமே என்று பீட்ரூட் சாறும் கேசரிப் பவுடரும் போட்டுப் பார்த்தேன். பீட்ரூட் நிறம் ஒரு கொப்பளிப்பில் போய்விடுகிறது. கேசரிப் பவுடரின் மஞ்சள் நிறம் பல்லின் நிறத்தோடு கலந்து ஒன்றும் தெரியவில்லை. இரண்டிலும் புதியது பழையது பிரித்துத் தெரியாது. நேரத்தை வீணாக்க வேண்டாம்.

திரவம் வந்த அன்று நான் செய்த தவறு ஒன்று இருக்கிறது. எல்லோரும் செய்வது அதையே என்று நினைக்கிறேன். தேய்ப்பதற்கு முன்னால் சாயத்தைத் தடவினேன். வாய் முழுக்க ஊதா. பார்த்ததும் வயிற்றைப் பிசைந்தது. பயந்துபோய்ப் பன்னிரண்டு நிமிடம் நின்று, நிறம் போகும்வரை தேய்த்தேன். எல்லாம் வெள்ளையானதும் நிம்மதியாகப் படுத்தேன். பத்து நாள் இப்படியே போனது. அந்தப் பத்து நாளில் நான் கற்றுக்கொண்டது ஒன்றுமே இல்லை. நிறத்தைப் பார்த்துத் துரத்தித் தேய்ப்பது எவருக்கும் வரும். நிறம் இல்லாத மற்ற நாட்களில் கை எப்படிப் போகிறது என்பதே கேள்வி. அதற்குச் சாயத்தைத் தேய்த்து முடித்த பிறகு போட வேண்டும். வழக்கம் போல, வழக்கமான நேரம், கூடுதல் கவனம் எதுவும் இல்லாமல் தேய்த்துவிட்டு, அதன் பிறகு சாயம். அப்போது நிறம் பிடிப்பவை எல்லாம் உங்கள் கை தினமும் விட்டுவிடும் இடங்கள்.

செய்முறை இதுதான். இரவில் செய்யுங்கள், மறுநாள் விடுமுறையாக இருந்தால் நல்லது. பழைய சட்டை போட்டுக்கொள்ளுங்கள், துணியில் பட்டால் போகாது. உதட்டில் வாஸலின் கனமாகத் தடவுங்கள், இல்லாவிட்டால் மறுநாள் மதியம் வரை உதட்டுச்சாயம் பூசியது போல இருக்கும். வழக்கம் போலத் தேய்த்து, நன்றாகக் கொப்பளியுங்கள். பேஸ்ட் மிச்சம் இருந்தால் சாயம் சரியாகப் பிடிக்காது. திரவம் ஐந்தாறு சொட்டு ஒரு மூடியில் விட்டு, பஞ்சுக்குச்சியில் தொட்டு ஈறு விளிம்பை ஒட்டி எல்லாப் பல்லிலும், உள்ளும் புறமும் ஒற்றுங்கள். தேய்க்கக் கூடாது, தேய்த்தால் குச்சியே படலத்தைத் துடைத்துவிடும். மாத்திரை என்றால் அரைத்துண்டை மென்று, எச்சிலோடு சேர்த்து முப்பது வினாடி பல் இடுக்கெல்லாம் ஓடும்படி சுழற்றுங்கள். துப்பிவிட்டு ஒரு வாய்த் தண்ணீரால் இரண்டு முறை மட்டும் கொப்பளியுங்கள். அதிகம் கொப்பளித்தால் புதுப் படலத்தின் இளஞ்சிவப்பு போய்விடும். வாஷ்பேசினில் உடனே தண்ணீர் ஊற்றிவிடுங்கள், டைல்ஸ் இடுக்கில் உள்ள சிமெண்டில் பட்டால் அப்படியே தங்கிவிடும். நாக்கும் ஈறும் நிறமாவது சாதாரணம், காலைக்குள் போய்விடும்.

அப்படிப் பார்த்த முதல் இரவு. முன்பக்கம் பளிச்சென்று இருந்தது, சிரித்தால் தெரியும் இடமெல்லாம் சுத்தம். வட்டக் கண்ணாடியைக் கீழ் முன்பற்களின் உள்பக்கம் வைத்தேன். கிளிப் கழற்றிய பிறகு பல் நகராமல் இருக்க அங்கே ஒரு மெல்லிய கம்பி ஒட்டியிருக்கிறார்கள், கோரைப்பல்லில் இருந்து கோரைப்பல் வரை ஆறு பல்லுக்கு. அந்தக் கம்பிக்கும் ஈறுக்கும் நடுவே ஒவ்வொரு பல்லிலும் அரைநிலா வடிவில் கருநீலம். ஒரு பல்லில் நகத்தால் சுரண்டினேன். நகக்கண்ணில் மாவு போல வழித்துக்கொண்டு வந்தது, முகர்ந்தால் கெட்ட வாடை. இரண்டு நாளுக்கு மேல் ஆன அழுக்கு அது. அன்று இரவும் மூன்று நிமிடம் தேய்த்திருந்தேன்.

பார்ப்பதோடு நிறுத்தாமல் எண்ணிக் குறியுங்கள். பல் டாக்டர்கள் 1972 முதல் பயன்படுத்தும் ஓலியரி என்பவருடைய கணக்கு மிக எளிது. ஒவ்வொரு பல்லுக்கும் ஈறை ஒட்டி நாலு முகம்: வெளிப்பக்கம், உள்பக்கம், முன் இடுக்கு, பின் இடுக்கு. நிறம் பிடித்த முகங்களின் எண்ணிக்கையை மொத்த முகங்களால் வகுத்து நூறால் பெருக்க வேண்டும். 10 சதவீதத்துக்குள் கொண்டுவருவது இலக்கு. 28 பல் இருப்பவருக்கு 112 முகம். கிளிப்புக்காக எனக்கு நாலு பல் எடுத்துவிட்டார்கள், 24 பல், 96 முகம். முதல் இரவு நிறம் பிடித்தவை 38, அதாவது 40 சதவீதம். ஒரு நோட்டில் இரண்டு வரிசைக் கட்டம் போட்டு நிறம் பிடித்ததை மட்டும் கறுப்பாக்குங்கள். போட்டோ எடுத்தால் உள்பக்கம் தெரியாது, நோட்டே மேல். இரண்டு மூன்று தடவை குறித்த பிறகு நோட்டைப் பார்த்தால், கறுப்புக் கட்டங்கள் ஒரே இடத்தில் கூடி நிற்பது தெரியும். எனக்குக் கூடிய இடங்கள் ஐந்து. கீழ் முன்பல்லின் உள்பக்கக் கம்பி, நாலு கடைசிக் கடைவாய்ப் பல்லின் பின்பக்கம், மேல் கடைவாய்ப் பல்லின் கன்னப் பக்கம், வலது கோரைப்பல்லின் ஈறு விளிம்பு, பல் இடுக்குகள். வலக்கைக்காரர்களுக்கு வலது கோரைப்பல் விட்டுப்போவது சகஜம். இடப்பக்கத்தில் இருந்து வலப்பக்கம் வரும்போது மணிக்கட்டைத் திருப்புகிறோம், திருப்பும் இடத்தில் பிரஷ் ஒரு நொடி எழும்பிவிடுகிறது.

ஒவ்வொரு இடத்துக்கும் மருந்து வேறு. "நல்லாத் தேய்" என்ற பொது அறிவுரை எதற்கும் உதவாது. ஈறு விளிம்புக்கு, மென்மையான நார் உள்ள பிரஷ்ஷை 45 டிகிரி சாய்த்து, நாரின் பாதி ஈறின்மேலும் பாதி பல்லின்மேலும் படும்படி வைத்து, இடம் பெயராமல் சின்னச் சின்னதாக அசைக்க வேண்டும். ஒரு வைப்பில் இரண்டு பல்தான், பத்து அசைவு, பிறகு அடுத்த இரண்டு பல். மேல் கடைவாயின் கன்னப் பக்கத்துக்கு வாயை அகலத் திறக்கக் கூடாது. திறந்தால் தாடை எலும்பு முன்னால் வந்து கன்னத்தை இறுக்கிவிடும், பிரஷ் நுழையாது. வாயைப் பாதி மூடினால் தாராளமாக இடம் கிடைக்கும். இந்த ஒன்றிலேயே எனக்கு நாலைந்து கட்டம் வெளுத்தது. கீழ் முன்பல்லின் உள்பக்கத்துக்குப் பிரஷ்ஷை நெட்டுக்குத்தாகப் பிடித்து, அதன் அடிமுனையால் ஒவ்வொரு பல்லாக ஈறிலிருந்து மேலே இழுக்க வேண்டும். கடைசிப் பல்லின் பின்பக்கத்துக்குச் சாதாரண பிரஷ் பெரும்பாலும் எட்டாது. ஒற்றைக் கொத்து பிரஷ் என்று நுனியில் சிறு குச்சம் மட்டும் உள்ள ஒன்று 120 ரூபாய்க்குக் கிடைக்கிறது. பேஸ்ட் இல்லாமல் அதைக் கடைசிப் பல்லின் முதுகில் வைத்து ஈறை ஒட்டி அரைவட்டமாக நகர்த்துங்கள். கிளிப் போட்டிருப்பவர்கள் ஒவ்வொரு சதுரத்தின் மேலும் கீழும் இதே பிரஷ்ஷால் சுற்ற வேண்டும். எனக்கு வளையம் விழுந்தது துல்லியமாக அந்த இடத்தில்தான்.

பல் இடுக்கு பெரிய விஷயம், ஏனென்றால் சொத்தை வந்ததே அங்கேதான். எவ்வளவு நல்ல பிரஷ்ஷும் இரண்டு பல் தொட்டுக்கொள்ளும் இடத்துக்குள் போகாது. சிறு கம்பியில் நார் சுற்றிய இடுக்கு பிரஷ்கள் பல அளவில் வருகின்றன. அளவுக்கு ஒரு நிறம், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். நான் வாங்கியதில் இளஞ்சிவப்பு 0.4 மி.மீ., சிவப்பு 0.5, நீலம் 0.6. ஒரே அளவு வாயெல்லாம் பொருந்தாது. கலப்புப் பாக்கெட் ஒன்று 350 ரூபாய்க்கு வாங்கி, ஒவ்வொரு இடுக்கிலும் திணிக்காமல் நுழையும் அளவுகளில் பெரியது எது என்று பார்த்து நோட்டில் குறித்தேன். எனக்குக் கடைவாயில் நீலம், முன்னால் இரண்டு இடத்தில் இளஞ்சிவப்பு. கம்பி உலோகம் பல்லில் உரசக் கூடாது, நார் மட்டும் உரச வேண்டும். உள்ளே போகாத இறுக்கமான இடுக்குக்கு ஃப்ளாஸ் நூல். நூலை நேராக இறக்கி ஏற்றுவது போதாது, ஒரு பல்லை ஆங்கில சி எழுத்துப் போல அணைத்துக்கொண்டு ஈறுக்குள் சிறிது இறக்கி மேலே இழுக்க வேண்டும், பிறகு பக்கத்துப் பல்லையும் அப்படியே. உள்பக்கக் கம்பி இருப்பவர்களுக்கு மேலிருந்து நூல் இறங்காது. முனை விறைப்பாக இருக்கும் நூல் தனியாக விற்கிறார்கள், ஊசியில் கோப்பது போலக் கம்பிக்குக் கீழே நுழைத்து இழுக்கலாம். முதல் வாரம் ஆறு பல்லுக்குப் பதினோரு நிமிடம் ஆனது, எரிச்சலில் அழுகை வந்தது. இப்போது மூன்று நிமிடத்துக்குள் முடிகிறது. ஆரம்பத்தில் ரத்தம் வரும். படலத்தால் வீங்கிய ஈறு அது. தினமும் செய்தால் ஒரு வாரம் பத்து நாளில் நிற்கும். இரண்டு வாரம் ஆகியும் நிற்காவிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள்.

வரிசையையும் மாற்றினேன். எல்லோரும் முன்பல்லில் ஆரம்பிக்கிறோம், பேஸ்ட்டும் பொறுமையும் தீரும் நேரத்தில் கடைவாயின் உள்பக்கம் வருகிறது. நோட்டில் அதிகம் கறுத்த இடத்தில் இருந்து ஆரம்பியுங்கள்.

இதில் சறுக்கும் இடங்களையும் சொல்லிவிடுகிறேன். நிறம் பிடித்ததெல்லாம் படலம் இல்லை. வெள்ளைத் தழும்பு உள்ள எனாமல் சொரசொரப்பானது, அது சாயத்தை உறிஞ்சும். இது தெரியாமல் இரண்டாவது வாரம் முன்பல் தழும்பின்மேல் நிறம் போகட்டும் என்று அழுத்தித் தேய்த்து, ஈறில் தோல் உரிந்துவிட்டது. நாலு நாள் காரம் சாப்பிட முடியவில்லை. ஈறு ஒருமுறை மேலே ஏறிவிட்டால் தானாகத் திரும்ப வளராது, அழுத்தம் மட்டும் வேண்டவே வேண்டாம். பிரஷ் நார் ஒரு மாதத்துக்குள் பக்கவாட்டில் விரிந்துவிட்டால் கை கனமாக அழுத்துகிறது என்று அர்த்தம். பல் நிறத்தில் அடைத்த பழைய ஃபில்லிங்கின் விளிம்பும் சாயம் பிடிக்கும். முன்பல்லில் அப்படி ஃபில்லிங் இருந்தால் முதலில் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், விளிம்புக் கோடு பல நாள் தங்கும். காரை இருந்தால் அதுவும் நிறமேறும், எவ்வளவு தேய்த்தாலும் போகாது. கீழ் முன்பல்லின் உள்பக்கமும் மேல் முதல் கடைவாய்ப் பல்லின் கன்னப் பக்கமும் உமிழ்நீர் வந்து விழும் இடங்கள், அங்கேதான் காரை சீக்கிரம் கட்டும். இந்தச் சோதனையைத் தொடங்கும் முன் ஒரு கிளீனிங் செய்துகொண்டால் கணக்கு தெளிவாக இருக்கும். செலவு கவலை என்றால் பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். தனியார் கிளினிக்கைவிட மிகக் குறைவு, மாணவர்கள் செய்வார்கள், ஆசிரியர் வந்து பார்ப்பார், நேரம்தான் அதிகம் ஆகும். அங்கே கேட்டால் சாயம் போட்டு எண்ணியும் காட்டுவார்கள். அவர்கள் பாடத்திலேயே அது இருக்கிறது.

சாயத்தின் உட்பொருளைப் பெட்டியில் படியுங்கள். எரித்ரோசின் மூலக்கூறில் நான்கு அயோடின் அணு இருக்கிறது. அயோடின் ஒவ்வாதவர்களும், தைராய்டு ஸ்கேன் எடுக்க இருப்பவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம். அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் 2025 ஜனவரியில், உணவிலும் உள்ளே சாப்பிடும் மருந்திலும் இதைச் சேர்க்கத் தந்திருந்த அனுமதியைத் திரும்பப் பெற்றது. அதிக அளவு கொடுத்த ஆண் எலிகளுக்குப் புற்றுநோய் வந்ததே காரணம். நாம் துப்பிவிடுகிறோம், வாரத்துக்கு ஓரிரு முறை சில சொட்டு. ஆனாலும் விழுங்காமல் துப்பும் பழக்கம் கட்டாயம். வேறு சாயங்கள் கொண்ட மாத்திரைகளும் கிடைக்கின்றன.

ஃப்ளோரைடு விஷயத்தில் சாயம் ஒரு சிக்கலை உண்டாக்கும். பேஸ்ட்டைத் துப்பிவிட்டுக் கொப்பளிக்காமல் விட்டால்தான் ஃப்ளோரைடு பல்லில் தங்கும். சாயம் போட்டால் கொப்பளித்தே ஆக வேண்டும். அதனால் சாய நாளில் நான் கடைப்பிடிக்கும் வரிசை இது: தேய்ப்பது, கொப்பளிப்பது, சாயம், எண்ணிக் குறிப்பது, நிறம் பிடித்த இடங்களைப் பேஸ்ட் இல்லாமல் அந்தந்தக் கருவியால் எடுப்பது, கடைசியாகப் பட்டாணி அளவு பேஸ்ட்டை எல்லாப் பல்லிலும் தடவித் துப்பிவிட்டு, தண்ணீர் தொடாமல் படுப்பது. மொத்தம் இருபது நிமிடம். தினமும் செய்ய வேண்டியதில்லை. முதல் இரண்டு வாரம் வாரத்துக்கு இருமுறை, பிறகு வாரம் ஒருமுறை, 10 சதவீதத்துக்குள் வந்ததும் மாதம் ஒருமுறை.

என் எண்ணிக்கை: முதல் முறை 96க்கு 38. மூன்றாம் வாரம் 27, ஐந்தாம் வாரம் 15. அங்கே இரண்டு வாரம் அசையாமல் நின்றது, கருவியை மாற்றாமல் நேரத்தை மட்டும் கூட்டிப் பார்த்ததால். விறைப்பு முனை நூல் வாங்கிய பிறகு எட்டாம் வாரம் 9. அதாவது 9 சதவீதம் சொச்சம். கண்ணாடி, சாயம், ஒற்றைக் கொத்து, இடுக்கு பிரஷ், நூல் எல்லாம் சேர்த்து 1,110 ரூபாய் ஆனது.

கிளிப் போட்டிருப்பவர்கள் மாதாமாதம் கம்பி மாற்றப் போகும்போது, "டாக்டர், கம்பியைக் கழற்றினதும் ஒரு தடவை சாயம் போட்டுக் காட்டுங்க" என்று வாய்விட்டுக் கேளுங்கள். பழைய கம்பி கழன்று புதியது ஏறும் இடைவெளியில் ஐந்து நிமிடம் போதும். அந்த நேரத்தில்தான் சதுரங்களைச் சுற்றி மறைப்பில்லாமல் பார்க்க முடியும். நிறம் பிடித்த சதுரம் எது என்று போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டு, அன்று இரவிலிருந்தே ஒற்றைக் கொத்து பிரஷ்ஷை அங்கே முதலில் வையுங்கள்.

என் நோட்டில் இன்னும் கறுப்பாக இருக்கும் 9 கட்டங்களில் ஆறு, அந்த உள்பக்கக் கம்பியில் இடது பாதி. கம்பி ஒட்டிய பசை ஒரு பல்லில் தடித்து, ஈறைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது, நூல் அங்கே சிக்குகிறது. அடுத்த முறை போகும்போது நோட்டைக் காட்டி, அந்தப் பசையைக் கொஞ்சம் தேய்த்து மெலிதாக்கித் தரச் சொல்லப் போகிறேன்.